ஏட்டுச் சுரைக்காயும் ராக்கெட் எஞ்சினும்

தொழில்நுட்பத்தை வாங்குவது துணிக்கடையில் புடவை வாங்குவதுபோல அல்ல. விற்பவர் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே தருகிறார். எதற்குப் பயன்படுத்தலாம், யாருக்கு விற்கலாம், எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு ராயல்டி என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். இந்த அனுமதிதான் லைசென்ஸ். ஆனால் லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோருமே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கற்பதற்கு என்ன தேவை என்பதை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இஸ்ரோவின் இரண்டு எஞ்சின்கள் சொல்கின்றன. ஒன்றுக்கு லைசென்ஸ் கிடைத்தது. மற்றதற்குக் கையெழுத்தான பிறகும் கிடைக்கவில்லை.

முதல் கதை 1974-ல் தொடங்குகிறது. ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சினை எஸ்.இ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது. ஆனால் அது அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடான காலம். பிரெஞ்சுக்காரர்களுக்கோ வேலைக்குத் திறமையான ஆட்கள் தேவை. கடைசியில் பண்டமாற்று முறையில் பேரம் முடிந்தது. இந்தியப் பொறியாளர்கள் பிரான்சில் 100 மனித ஆண்டுகள் அளவுக்கு வேலை செய்து கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான அழுத்தமானிகளையும் இந்தியா செய்து தரும். பதிலுக்கு எஞ்சின் தொழில்நுட்பம் கிடைக்கும்.

கூலி வேலைபோலத் தோன்றிய இந்த ஏற்பாடுதான் இந்தியாவுக்கு லாபமாக முடிந்தது. நம்பி நாராயணன் தலைமையில் சென்ற குழுவினர் வரைபடங்களைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடவில்லை. அந்த வரைபடங்கள் உருவான இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒரு குழாயின் அளவு என்ன என்பதை வரைபடம் சொல்லும். ஏன் அந்த அளவு என்பதைச் சொல்லாது. அதைப் பக்கத்து மேஜைக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அப்போது வைக்கிங்கின் சொந்தக்காரர்களே முழுதாகக் கற்று முடித்திருக்கவில்லை. 1980 மே மாதம் கிளம்பிய இரண்டாவது ஏரியான், ஒரு வைக்கிங் எஞ்சினில் எரிபொருள் சீராக எரியாததால் வீழ்ந்தது.

இந்தியாவில் செய்யப்பட்ட எஞ்சின் 1985-ல் பிரான்சின் வெர்னான் நகருக்கே கொண்டுபோய் சோதிக்கப்பட்டது, வெற்றி. அதற்கு விகாஸ் என்று பெயர். 1994-ல் முதல் வெற்றி கண்ட பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாவது கட்டத்தை இயக்கியது அதுதான்.

இரண்டாவது கதை கிரையோஜெனிக் எஞ்சின். கனமான செயற்கைக்கோள்களை உயரே அனுப்ப, மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் ஆக்சிஜனையும் எரிக்க வேண்டும். 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் ஒப்பந்தம் ஆயிற்று. எஞ்சின்களோடு தொழில்நுட்பத்தையும் தருவது என்று பேச்சு. விலை சுமார் ரூ. 235 கோடி.

அமெரிக்கா குறுக்கே வந்தது. இது ஏவுகணைப் பரவலைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு விரோதம் என்றது. இத்தனை குளிரான எரிபொருளை நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது, ஏவுகணைக்கு இது லாயக்கில்லை என்ற வாதம் எடுபடவில்லை. 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் தடை விழுந்தது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சினைத் தருகிறோம், செய்யும் வித்தையைத் தர மாட்டோம் என்பதுதான் கடைசியில் மிஞ்சிய ஏற்பாடு.

அடுத்த ஆண்டே இஸ்ரோ சொந்த முயற்சியில் இறங்கியது. ரஷ்ய எஞ்சினுடன் முதல் ஜி.எஸ்.எல்.வி. 2001 ஏப்ரலில் பறந்தது. இந்திய எஞ்சினுக்கோ, மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்கில் சோதனைகள். 2010 ஏப்ரல் 15-ல் அது முதன்முறையாகப் பறந்தபோது எரிபொருளைத் தள்ளும் பம்ப் நின்றுபோய் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ல்தான் வெற்றி. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 23 ஆண்டுகள்.

மறுத்ததே நல்லதாகப் போயிற்று என்று இன்று மேடைகளில் பேசுவது சுலபம். அது பாதி உண்மை. தொழில்நுட்பம் வந்திருந்தால் அந்த ஆண்டுகளில் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். மீதிப் பாதி, மறுக்கப்பட்டபோது நிலைகுலையாமல் இருக்க இஸ்ரோவிடம் திரவ எஞ்சின் வேலையில் கை பழகிய ஆட்கள் இருந்தார்கள் என்பது. முதல் லைசென்ஸின் உண்மையான வரவு அதுதான். 2023 ஜூலையில் சந்திரயான்-3 விண்கலத்தைச் சுமந்து சென்ற ராக்கெட்டில் இரண்டு கதைகளும் சேர்ந்தே பறந்தன: நடுவில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள், உச்சியில் இஸ்ரோவே வடிவமைத்த கிரையோஜெனிக் எஞ்சின்.

இப்போது இஸ்ரோ விற்பவரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை ரூ. 511 கோடிக்குக் கேட்டு ஏலத்தில் வென்றது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. 24 மாத காலத்தில் வாங்கியவரின் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டு ராக்கெட்டுகளை ஏவும் வரை இஸ்ரோ கூட இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை.

வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வெர்னானுக்குப் போனவர்கள் போல இரண்டு ஆண்டுகளும் கேள்வி கேட்டுத் துளைக்கும் இளைஞர்களை அனுப்பினால் பணம் செரிக்கும். ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவர்களை அனுப்பிவிட்டுக் கோப்புகளைப் பீரோவில் பூட்டினால், 511 கோடி கொடுத்து வாங்கியதும் ஏட்டுச் சுரைக்காய்தான்.