கவரில் கிழமையை எழுதுங்கள்

மருந்துக் கடைக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அதில் 1-0-1 என்று போட்டுத் தருவார். காய்ச்சல் மாத்திரைக்கு அது போதும். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டுக்குப் போதாது. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. கிழமை எழுத அந்தக் கவரில் இடமே இல்லை.

தவறுதலாகத் தினமும் விழுங்கினால் சில நாளில் வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்காது. எலும்பு மஜ்ஜை முடங்கி வெள்ளணுக்கள் சரியும். உயிர் போனதும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். போதாக்குறைக்கு, கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பெரும்பாலும் இதைப் போலவே மஞ்சளாக, சின்னதாக இருக்கும். அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்தால், பெயர் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடவும் கூடும்.

டாக்டர் தெளிவாக எழுதாவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்பார்கள் கடைக்காரர்கள். பாதி நியாயம். சீட்டு புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்பதும் பார்மசிஸ்ட்டின் வேலைதான். பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். சான்றிதழ் சுவரில் தொங்க, ஆள் மட்டும் இல்லாத கடைகள் இருப்பது ஊரறிந்த ரகசியம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பது, கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்கு எப்படித் தெரியும்?

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் பெட்டியிலேயே ‘வாரம் ஒருமுறை’ என்ற எச்சரிக்கை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் பரிந்துரைத்தது. இங்கே மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்கு 2014 முதலே தனிப் பதிவேடு உண்டு. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டையும் மத்திய அரசு அந்த அட்டவணையில் சேர்க்கட்டும்.

அதற்குக் காத்திராமல் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இந்த மாத்திரைக்குத் தனி டிராயர் வேண்டும். ஒரு தடவைக்கு நாலு வாரத்துக்கு மேல் தரக்கூடாது. சீட்டில் உள்ள கிழமையைக் கவரில் ‘ஞாயிறு மட்டும்’ என்பதுபோலத் தமிழில் எழுத வேண்டும். வாங்குபவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கவரைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. மாலை நேரக் கூட்டத்தில் அதற்கு முடியாது என்கிற கடை இந்த மருந்தை விற்க வேண்டாம்.