குறுக்கே கிடப்பது பிள்ளையா, பஞ்சாங்கமா?

சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பதைத் தோழர்களில் பலர் பார்த்திருக்கலாம். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமைக்காரர் பிறர் கை உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க அது உபயோகமானதுதான். ஆனால் அவற்றில் பல எதற்காக நடப்பட்டன தெரியுமா? பிள்ளையைப் பெற முடியாமல் வயிற்றுச் சுமையோடே செத்த பெண்ணின் பேரால், செத்த பிறகாவது அவள் பாரம் இறங்கட்டும் என்று உறவினர் நட்டவை. செத்தவளுக்குக் கல் நட்டவர்கள், உயிரோடிருந்தபோது அச்சுமை ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்களா? இல்லை. விதி என்றார்கள், பூர்வ ஜன்ம பாவம் என்றார்கள், பேய் என்றும் சொன்னார்கள்.

உண்மை என்னவென்றால், பிள்ளை தலைகீழாக, மோவாய் மார்பில் படிந்து, உச்சந்தலை முன்னால் வருவதே சுலபமான வழி. மாதம் நிறைந்த பிறகும் நூற்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் பிட்டம் கீழாக இருக்கும். அதைவிடக் குறைவாகச் சில பிள்ளைகள் குறுக்கே கிடக்கும். அப்படிக் கிடந்தால் தோளோ கையோதான் வாயிலுக்கு வரும். வளர்ந்த பிள்ளை அந்த நிலையில் வெளிவரவே முடியாது. கருப்பையோ தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசியில் கருப்பையே கிழியும். கை வெளியே தெரிகிறதே என்று பிடித்து இழுத்தால் அந்தக் கேடு இன்னும் சீக்கிரம் வரும். நஞ்சு கீழே ஒட்டியிருப்பது, கருப்பையில் கட்டி, இரட்டைப் பிள்ளை, பல பிரசவங்களால் தளர்ந்த வயிறு இவையெல்லாம் இதற்குக் காரணமாகலாம். இதில் சனி எங்கே வந்தான், ராகு எங்கே வந்தான் என்று கேட்கிறோம்.

கிரகம் மட்டுமா கொன்றது? மானமும் கொன்றது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் இந்துக்களும் முஸ்லிமுமாக மூன்று ஆண்கள், தங்கள் மனைவியர் பிரசவம் ஆகாமல் தவிப்பதாக ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம் ஓடி வந்தார்கள். அவர் அப்போது வைத்தியம் படித்தவரல்ல. படித்த டாக்டரான அவர் தகப்பனாரோ அதே வீட்டில் இருந்தார். ஆண்பிள்ளை தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மதம் வேறு வேறு, பிடிவாதம் மட்டும் ஒன்று! அந்த அம்மையார் வைத்தியம் படித்து வந்து 1902இல் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரியும், 1918இல் பெண்களுக்கே வைத்தியப் பள்ளியும் ஏற்படுத்தினார்.

நிற்க, இன்று அந்தக் காலம் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஸ்கேனில் பிள்ளை கிடக்கும் விதம் தெரிகிறது. தகுந்தவர்களுக்கு வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பிப் பார்க்கிறார்கள். முடியாவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது. 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஆனால் ஜோசியன் விட்டானா? அவனும் ஆபரேஷன் அறை வாசலுக்கே வந்துவிட்டான். நாள் குறித்துத் தருகிறான், மணி குறித்துத் தருகிறான். அந்த நாளுக்காக முதிராத பிள்ளையை எடுத்தால் அது மூச்சுக்குத் திணறும். குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தாலோ, பனிக்குடம் உடைந்து கொடி முன்னால் சரியலாம். அப்புறம் உயிர் நிமிஷக் கணக்கில்தான். பிறந்த நேரத்தில் பிரம்மா எழுதுகிறான் என்றால், அந்த நேரத்தையே டாக்டரின் கத்தி மாற்றும்போது எழுதுகிறவர் யார்? பிரம்மாவா, டாக்டரா?

கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பது இன்னொரு புளுகு. ஐந்தில் ஒரு பிள்ளையாவது கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கிறது. அந்தக் கணக்குப்படி நாட்டில் மாமன் வர்க்கமே மிஞ்சியிருக்கக் கூடாது!

ஆகையால் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி ஜோசியனிடம் அல்ல. எட்டாம் மாதம் முடிந்ததும், பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். இதைக் கேட்பது புருஷன் வேலையுந்தான். குறுக்கே என்றால் வலியெடுக்கும்வரை வீட்டில் வைத்திராமல், ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் எப்போது சேர்ப்பது என்று அப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதற்குமுன் பனிக்குடம் உடைந்துவிட்டால், ராகு காலமா எமகண்டமா என்று பாராமல் அந்த நிமிஷமே புறப்பட வேண்டும்.