மோதல் நின்றது... ஃபார்வர்டு நின்றதா?

2025 மே 10, சனிக்கிழமை மாலை. இந்தியா - பாகிஸ்தான் மோதல் நிற்கப்போகிறது என்ற தகவல் முதலில் டெல்லியிலிருந்தோ இஸ்லாமாபாத்திலிருந்தோ வரவில்லை. அமெரிக்க அதிபர் டிரம்ப் 'ட்ரூத் சோஷியல்' தளத்தில் போட்ட ஒரு பதிவில்தான் வந்தது. அதற்குப் பிறகே, மாலை 5 மணி முதல் இரு தரப்பும் தாக்குதலை நிறுத்த ஒப்புக்கொண்டதாக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி அறிவித்தார்.

முடிவெடுத்தது அரசு. அதை அறிவித்தவர் ஓர் அதிகாரி, அவ்வளவுதான். ஆனால், எக்ஸ் தளத்தில் மிஸ்ரியையும் அவருடைய குடும்பத்தினரையும் கேவலமாகத் திட்டித் தீர்த்தார்கள். அவர் தன் கணக்கையே பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. ஐஏஎஸ் அதிகாரிகள் சங்கம் கண்டனம் தெரிவித்தது.

சண்டை நிற்பது நல்ல செய்திதானே? அது எப்படி ஒரு கூட்டத்துக்குத் துரோகமாகத் தெரிந்தது? பதில், அதற்கு முந்தைய மூன்று நாட்களில் நம் போனில் ஓடியவற்றில் இருக்கிறது.

நடக்காத தாக்குதல்

பஹல்காமில் ஏப்ரல் 22-ம் தேதி 26 பேர் கொல்லப்பட்டனர். மே 7 அதிகாலை இந்தியா 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதலை நடத்தியது. மே 8 இரவு, கராச்சி துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில டிவி சேனல்களிலும் சோஷியல் மீடியாவிலும் செய்தி பறந்தது. அதோடு பரவிய ஒரு வீடியோ, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த விமான விபத்தின் காட்சி. கராச்சி துறைமுகம் தாக்கப்படவே இல்லை. தாக்கத் தயார் நிலையில் இருந்ததாக மட்டுமே கடற்படை பின்னர் சொன்னது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இந்தியப் பெண் விமானி ஒருவர் பிடிபட்டதாகப் பரப்பினார்கள். அது பொய் என்று 'பிஐபி ஃபேக்ட் செக்' மறுத்தது. 'அர்மா 3' என்ற வீடியோ கேம் காட்சிகளும் நிஜத் தாக்குதல் என்று சுற்றின. உக்ரைன் போரிலும் இந்த கேமை வைத்து ஏமாற்றியதால், போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதை உருவாக்கிய நிறுவனமே 2022-ல் விளக்கம் கொடுத்தது.

ஏன் நம்புகிறோம்?

கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் பதிவுக்குத்தான் கமென்ட், ஷேர் அதிகம். அல்காரிதம் அதையே இன்னும் நிறைய பேருக்குக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது சித்தப்பாவோ ஆபீஸ் நண்பரோ என்பதால், 'இது எங்கிருந்து வந்தது?' என்று யாரும் கேட்பதில்லை. மறுப்பு வருவதற்குள் வீடியோ ஊர் சுற்றி முடித்துவிடுகிறது.

பாதிப்பு அதோடு முடிவதில்லை. வியாழன் இரவு 'கராச்சி காலி' என்று நம்பியவருக்கு, சனிக்கிழமை சண்டை நிறுத்தம் 'ஜெயிக்கிற மேட்சைப் பாதியில நிறுத்திட்டாங்க' என்றுதானே தோன்றும்? அந்தக் கோபம்தான் மிஸ்ரியின் வீட்டு வாசல் வரை போனது. பொய்ச் செய்தியின் உண்மையான விலை இதுதான். அரசுகள் சண்டையை நிறுத்துவதையே அது கஷ்டமாக்குகிறது.

தடை மட்டும் போதுமா?

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2008 மும்பைத் தாக்குதலின் நேரலையைப் பார்த்தே, பாகிஸ்தானில் இருந்தவர்கள் பயங்கரவாதிகளுக்கு போனில் வழிகாட்டினார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றமும் சேனல்களைக் கண்டித்தது. படை நகர்வை லைவ் காட்டக்கூடாது என்பது நியாயமான விதி.

ஆனால், 2025 மே மாதம் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க இந்திய அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் சொன்னது. பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு தவறு என்றே குறிப்பிடவில்லை என்றும் அது கூறியது. காரணம் சொல்லாத தடை, வதந்திக்குத்தான் தீனி போடும். கர்னல் சோபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆகியோர் படங்களோடு அளித்த விளக்கங்கள் போல, சரியான தகவலை வேகமாகக் கொடுப்பதே அரசு செய்ய வேண்டியது. சேனல்களும், தவறான செய்தியை எவ்வளவு நேரம் ஓட்டினவோ அவ்வளவு நேரம் திருத்தத்தையும் ஓட்டட்டும்.

நம் பங்கும் இருக்கிறது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். உறுதியாகத் தெரியவில்லையா? அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியது பொய் என்று தெரிந்தால், 'நான் அனுப்பினது தப்பு' என்று அதே குரூப்பில் ஒரு வரி போடுங்கள்.