மணற்கடிகையும் இயந்திரத் தோழனும்

வகுப்பில் நாம் அன்றாடம் காணும் சாக்குத் துண்டுக்குள்ளே ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஜப்பானில் கவாசாகி நகரில் இன்று இயங்கிவரும் நிஹோன் ரிகாகாகு என்னும் சாக்குத் தொழிற்சாலைக்கு, 1959-ஆம் ஆண்டு ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் வந்தார். அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய தம் மாணவியருக்கு வேலை கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவரோ சளைக்காமல் மீண்டும் மீண்டும் வந்தார். முடிவில் இரண்டு பெண்கள் இரண்டு வாரம் வேலை பழக அனுமதி கிடைத்தது. அவர்களுடைய உழைப்பைக் கண்ட மற்றத் தொழிலாளரே, அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு முதலாளியிடம் பரிந்து பேசினர். 1960-இல் இருவருக்கும் வேலை கிடைத்தது. பின்னாளில் அங்கே பணிபுரிவோரில் பத்துக்கு ஏழு பேர் இத்தகையோர் ஆயினர்.

கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கு மணற்கடிகை. எடை படிக்கத் தெரியாதவருக்கு வண்ணம். சிவப்புப் பாத்திரத்துப் பொருளுக்குச் சிவப்பு எடைக்கல். மனிதரை வேலைக்கேற்ப வளைக்காமல், வேலையை மனிதருக்கேற்ப அமைத்தனர். இதுவன்றோ அறிவு!

இன்று இவர்களுக்குத் துணையாக, பேசும் ரோபோக்களை நிறுத்த ஆராய்ச்சியாளர் முயன்று வருகின்றனர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ரோபோ நினைவூட்டும். நூறு முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை உண்டு? ஆகவே, அதனை வேண்டாம் என்று நான் கூறவில்லை.

ஆனால், "இனி இவளை ரோபோ பார்த்துக்கொள்ளும்" என்று உடன் உழைப்பவர்கள் விலகிவிட்டால்? அவள் செய்யும் பிழைகளை எண்ணி மேலாளரிடம் சொல்லும் ஒற்றனாக அது மாறிவிட்டால்? 2014-இல் ஆரவாரத்துடன் அறிமுகமான பெப்பர் என்னும் ரோபோவின் உற்பத்தி, 2020-இல் நிறுத்தப்பட்டது. விற்பனை குறைந்தால் மறைந்துவிடும் தோழனை நம்பி ஒருத்தியின் வாழ்வை ஒப்படைக்கலாமா?

ரோபோவும் ஒரு மணற்கடிகையாக இருக்கட்டும். அது கருவி, தோழமை நம் கடமை. அந்த இரண்டு பெண்களுக்கும் வேலை வாங்கித் தந்தது இயந்திரமன்று. உடன் உழைத்தவர்களின் நல்ல மனமே.

தோழியரே, பாடம் மெதுவாகப் புரியும் ஒருத்தி நம் வகுப்பிலும் இருக்கலாம். பத்தாம் முறை அவள் கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோமா, சொல்லித் தருகிறோமா? இயந்திரத்துக்குப் பொறுமையைக் கற்பிக்கும் இக்காலத்தில், அதனை நாம் மறந்துவிடலாகாது.