கதையாம், கதை!

'எம்மானுவேல்' (1974) சும்மா நீலப்படம் இல்லையாம், அதில கதை இருக்காம். கம்பஸில் உலக சினிமா கதைக்கிற அண்ணாமார் சொல்லுகினம். சரியெண்டு நாங்களும் பார்த்தோம்.

பிரெஞ்சு ராஜதந்திரி ஒருவரின் மனைவி பாங்கொக்குக்கு வந்து 'விடுதலை' அடைகிறாள். அதையும் அவளாகத் தேட விடமாட்டினம். மாரியோ எண்ட வயசான ஆள் பாடம் எடுக்கிறார். அபின் குடிக்கிற இடத்தில் அவள் வல்லுறவுக்கு ஆளாவதை அவர் நிண்டு பார்ப்பதும் அந்தப் பாடத்தில் ஒண்டு. இதுக்குப் பெயர் தத்துவமாம்!

எங்களுக்குச் சுட்டது வேறொண்டு. படத்தில் தாய்லாந்துச் சனம் பெரும்பாலும் வேலைக்காரர், பாலியல் தொழிலாளர், வெறியர். ஒருத்தருக்காவது சொந்தக் கதை உண்டா? எங்கட வெள்ளவத்தைக் கடற்கரையில் இந்தக் கமராவை வைத்திருந்தால் நாங்களும் தென்னைக்குப் பக்கத்தில் இன்னொரு மரமாகத்தான் நிண்டிருப்போம்.

பாரிஸில் பத்து வருஷத்துக்கு மேல ஓடினதாம். ஓடட்டும். 2024இல் ஓட்ரி திவான் எண்ட பெண் இயக்குநர் இதைத் திரும்ப எடுத்தார். அவரும் ஹொங்கொங்குக்குத்தான் போனார். ஏன், பாரிஸில் ஹோட்டல் இல்லையா?

'மனசைத் திறந்து பாருங்கோ' எண்ட அண்ணாமாரே, படத்தில் வாற வேலைக்காரர் ஒருத்தரின் பெயரைச் சொல்லுங்கோ பார்ப்போம்.