எடுக்காத பணம்

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்று என் கையில் இருந்தவை மூன்று மாத பே ஸ்லிப்பும், வருடச் சம்பளமும் வரியும் காட்டும் ஒரு பி60 உம். மனைவி பள்ளிக்கூடமொன்றில் உதவி ஆசிரியை; அவரிடமும் அதே தாள்கள். இரண்டு பேருடையதையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், மனைவியின் தாள்களை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். என்னுடையதைப் பார்த்தவர் கேட்டார்: "இதில் உங்களுக்குச் சம்பளம் தருகிற கம்பனி யாருடையது?" என்னுடையதுதான் என்றேன். பங்கு எத்தனை வீதம்? நூறு வீதம். என் தாள்களை மட்டும் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

எட்டு வருடமாக லண்டனில் வீடுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு சிறிய லிமிட்டெட் கம்பனி நடத்துகிறேன். வரித் திணைக்களத்துக்கு நான் என் கம்பனியின் ஊழியன். மோட்கேஜ் தருகிறவர்களுக்கோ நான் சுயதொழில்காரன். கம்பனியில் கால்வாசிப் பங்கு இருந்தாலே பல இடங்களில் அப்படித்தான் கணக்கு. சில இடங்களில் 20 வீதமே போதும். என் பே ஸ்லிப்பில் கையெழுத்துப் போடுகிறவனும் நானே என்பதால் அதற்கு அங்கே பெறுமதி இல்லை. அவர்கள் கேட்டது இரண்டு வருடத்து எஸ்ஏ302 என்ற வரிக் கணக்குத் தாள், அந்தந்த வருடம் வரித் திணைக்களத்தோடு கணக்குத் தீர்ந்ததா என்று காட்டும் இன்னொரு தாள், கணக்காளர் முடித்துக் கொடுத்த இரண்டு வருடக் கம்பனிக் கணக்கு.

கம்பனி வேறு, அதை நடத்துகிறவன் வேறு என்று சட்டத்தில் உறுதியானதே இந்த லண்டனில் நடந்த ஒரு வழக்கில்தான். வைட்சப்பலில் சப்பாத்துத் தொழில் செய்த ஆரோன் சாலமன் தன் வியாபாரத்தைக் கம்பனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. வியாபாரம் நொடித்தபோது கம்பனியின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று 1896 இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் என்னைப் போன்ற சின்னத் தொழில்காரர்கள் துணிந்து தொழில் செய்கிறோம். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: கம்பனியில் இருக்கும் காசு என் காசு அல்ல.

என் கணக்கையே சொல்கிறேன். 2024-25 இல் நான் எடுத்த சம்பளம் 12,570 பவுண்; வரி விலக்கு எல்லை அதுதான். டிவிடென்டாக, அதாவது பங்குக்கான இலாபமாக, 18,000 எடுத்தேன். என் சம்பளம் போகக் கம்பனியின் இலாபம் 48,000. அதற்கு 19 வீதம் கம்பனி வரி 9,120 போக மிஞ்சியது 38,880. நான் எடுத்தது போக மற்றது கம்பனியிலேயே கிடந்தது. காரணம் இருந்தது. பழைய வான் இரண்டு லட்சம் மைல் ஓடிவிட்டது. கட்டட வேலைகளில் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே காசு வரும். மார்கழியில் வேலையே இராது. கையில் கொஞ்சம் வைத்திருப்பது பொறுப்பான குடும்பக்காரன் செய்கிற காரியம் என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வங்கி பார்த்தது எடுத்ததை மட்டும். 12,570 உடன் 18,000 சேர்த்து 30,570. வருமானத்தின் நான்கரை மடங்கு தருவார்கள் என்று வைத்தால் என் பங்குக்கு 137,565 பவுண் கடன். லண்டனில் அந்தக் காசுக்கு என்ன வீடு?

அன்றிரவு சமையலறை மேசையில் கல்குலேட்டரோடு இருந்தேன். டிவிடென்டாக இன்னும் 19,700 எடுத்திருந்தால் என் வருமானம் 50,270 ஆகியிருக்கும். அடிப்படை வரி வீதத்தின் எல்லையான அந்தத் தொகை வரைக்கும் டிவிடென்ட் வரி அந்த வருடம் 8.75 வீதமாகத்தான் இருந்தது. கூடக் கட்டவேண்டிய வரி 1,724 பவுண். கூடக் கிடைத்திருக்கும் கடன் 88,650 பவுண். மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

மறுநாள் கணக்காளருக்குப் போன் எடுத்தேன். குரலில் கோபம் இருந்திருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, நீங்கள் என்னட்ட வரியைக் குறையுங்கோ எண்டுதான் சொன்னனீங்கள். வீடு வாங்கப்போறம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே." உண்மை. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வானுக்குக் காசு வேண்டுமே என்றேன். "காசை டிவிடென்டா எடுத்து, வரியைக் கட்டிப்போட்டு, தேவையான அளவைத் திரும்பக் கம்பனிக்கு நீங்களே கடனாக் குடுங்கோ. வானும் வாங்கலாம். அந்தக் கடனைப் பிறகு கம்பனி உங்களுக்குத் திருப்பித் தரேக்க வரியும் இல்லை." இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

சின்னச் சம்பளம் என்னைச் சுட்டது அது முதல் தடவையும் அல்ல. 2020 இல் கொரோனா வந்து வேலை நின்றபோது அரசாங்கம் சம்பளத்தில் 80 வீதம் தந்தது. எங்களைப் போன்ற டைரக்டர்மாருக்கு அந்தச் சின்னச் சம்பளத்தின் 80 வீதம். டிவிடென்ட் கணக்கிலேயே இல்லை. சுயதொழில்காரருக்குத் தனி உதவி வந்தது. கம்பனி வைத்திருந்ததால் அதுவும் எங்களுக்கு இல்லை. அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது ஹேய்ஸில் இருக்கும் ஒரு மோட்கேஜ் புரோக்கர் அக்கா. கணக்குப் புத்தகத்தை விரித்து, இலாபம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். "எல்லாப் பாங்கும் ஒரே மாதிரிப் பாக்காது தம்பி. சில பேர் நீங்கள் எடுத்த காசைப் பாப்பினம். சில பேர் நீங்கள் உழைச்ச காசைப் பாப்பினம்." அந்த இரண்டாவது வகையில் சம்பளத்தோடு வரிபோன இலாபத்தைச் சேர்ப்பார்கள்: 12,570 உம் 38,880 உம், 51,450. நான்கரை மடங்கு 231,525. அதே ஆள், அதே தொழில், அதே தாள்கள். முதல் வங்கியை விட 93,960 பவுண் கூட.

அவர் கேட்டவையும் கூர்மையானவை. 2020 இல் கொரோனாவுக்காக வந்த பவுன்ஸ் பாக் கடன் எடுத்தீர்களா, பாக்கி எவ்வளவு? இலாபம் போன வருடத்தை விட ஏறியதா, இறங்கியதா? இறங்கியிருந்தால் சராசரி பார்க்கமாட்டார்கள், குறைந்ததைத்தான் எடுப்பார்கள். கம்பனியின் வங்கிக் கணக்கில் அந்த இலாபம் காசாக இருக்கிறதா? இனி ஒவ்வொரு வங்கியாகப் போய் விண்ணப்பம் போடவேண்டாம், போடுகிற ஒவ்வொன்றும் கடன் வரலாற்றில் பதிந்துவிடும் என்று எச்சரித்தார். ஏப்ரல் 5 இல் வரி வருடம் முடிந்தால் ஜனவரி 31 வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே தாக்கல் செய்யலாம் என்றார். நல்ல வருடம் ஒன்று போயிருந்தால் அந்தக் கிட்டத்தட்டப் பத்து மாதம் பெரிய வித்தியாசம்.

முந்தி இவ்வளவு கஷ்டம் இல்லை என்று இங்கே மூத்தவர்கள் சொல்வார்கள். வருமானம் இவ்வளவு என்று நாமே எழுதிக் கொடுத்தால் கடன் கிடைத்த காலம் அது. 2014 ஏப்ரலில் வந்த விதிகளோடு அந்தக் கதவு மூடப்பட்டது. மூடியது சரி. இல்லாத வருமானத்தை எழுதிக் கொடுத்து வீட்டை இழந்த குடும்பங்களை எங்கள் ஆட்களுக்குள்ளேயே எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. ஆதாரத்தோடு நீட்டிய கணக்கை முழுதாக வாசியுங்கள். சேமித்தவனுக்கு உழைப்பே இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இப்போது எங்களுக்கு இரண்டு படுக்கையறையுடன் ஒரு வீடு இருக்கிறது. வட்டி இரண்டு வருடத்துக்குத்தான் நிலையாக இருக்கும். பிறகு வேறிடத்துக்கு மாற்றப் போனால் இதே தாள்களை இன்னொருவர் கேட்பார். அதனால் போன மார்ச்சில் வருடக் கணக்கு முடிய முன்னரே கணக்காளரிடம் போனேன். டிவிடென்ட் தாளை எடுத்து வைத்தார். தருகிற டைரக்டராக என் பெயர். பெறுகிற பங்காளராகவும் என் பெயர். தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. பேனையைத் திறக்க முதல் அவர் கேட்டார்: "மோட்கேஜ் எப்ப முடியுது தம்பி?"