பொம்மை ஆகாயக் கப்பல்: விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஊரை விட்டு வந்து பெங்களூரில் பிழைக்கும் நம்மவர்களுக்குப் பிள்ளைகள் மீது பாசம் அதிகம். "நமக்குக் கிடைக்காதது நம் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்" என்று, கடன் வாங்கியாவது கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு விளையாட்டுச் சாமானுக்குக் கடையில் கொடுக்கும் விலை ஒன்று. அதை வைத்து ஆடுவதற்கு ஆகும் செலவு வேறொன்று. அந்தச் செலவைக் குறைக்கப் பார்க்கும்போது வீட்டுக்குள் நுழையும் ஆபத்து மூன்றாவது. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம், ரிமோட்டில் ஓடும் பொம்மை ஆகாயக் கப்பல். சுருட்டு வடிவத்தில் பளபளக்கும் ஒரு பெரிய பலூன். அதன் வயிற்றில் தொங்கும் சிறு கூடு. கூட்டுக்குள் ஒரு பேட்டரியும் இரண்டு மூன்று குட்டி மோட்டார்களும். அவ்வளவுதான் சாமான். கையில் உள்ள பொத்தானை அழுத்தினால் கூடத்துக்குள் மெல்ல நீந்திப் போகும். ஹெலிகாப்டர் பொம்மையைப் போல இரைச்சல் இல்லை. மோதினாலும் யாருக்கும் அடிபடாது. பார்க்க அழகுதான்.

யானைக்குத் தீனி

இதைத் தூக்கி நிறுத்துவது மோட்டார் அல்ல. உள்ளே அடைத்திருக்கும் ஹீலியம் வாயு. கடல் மட்டத்தில் 1 லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ 1 கிராம் எடையைத் தூக்கும். பலூன், கூடு, பேட்டரி எல்லாம் சேர்ந்து 100 கிராம் என்றால் சுமார் 100 லிட்டர் வாயு வேண்டும். அதாவது பெரிய வாளியில் ஐந்து வாளி. பலூனின் நீளம் ஒரு மீட்டராவது இருக்கும்.

பெங்களூர்வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று சென்னைக் காற்றை விட மெலிந்தது. ஆகவே வாயுவின் தூக்கும் சக்தியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சென்னையில் வாங்கி, அங்கே மிதந்த பொம்மை இங்கே தரையைத் தேய்த்துக்கொண்டு கிடந்தால் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அடைத்த வாயு நிலைத்தும் இருக்காது. சாதாரண ரப்பர் பலூனில் ஒரே நாளில் கசிந்துவிடும். ஜரிகைத் தாள் போன்ற பலூனில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தாங்கும். பிறகு மறுபடி நிரப்ப வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

ஹீலியம் மலிவான சரக்கும் அல்ல. 1868-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ந் தேதி முழு சூரிய கிரகணத்தின்போது, ஆந்திரத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் சூரியனின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். ஹீலியம் என்ற பொருளை உலகம் கண்டறிந்த வரலாறு அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆனால் இன்று அதற்காக அமெரிக்கா, கத்தார் போன்ற நாடுகளையே நாம் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் குளிர வைக்கவும் இதே ஹீலியம்தான் வேண்டும்.

மலிவு வாயு வேண்டாம்

ஆபத்து தொடங்குவது இங்கேதான். ஹீலியத்துக்குக் கொடுக்கும் காசைப் பார்த்ததும், "திருவிழாவில் பலூன் விற்பவரிடம் அடைத்தால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். பலூன்காரர்கள் பலர் பழைய சிலிண்டரில் காஸ்டிக் சோடா, அலுமினியத் துண்டு, தண்ணீர் ஆகியவற்றைப் போட்டுத் தாங்களே வாயு தயாரிக்கிறார்கள். அது ஹைட்ரஜன். ஹீலியத்தை விடச் சற்று அதிகமாகவே தூக்கும். ஆனால் ஒரு சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

1937-ம் ஆண்டு மே 6-ந் தேதி அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் தரையிறங்கும் நேரத்தில் எரிந்து 36 பேர் மாண்டார்கள். அதில் நிரப்பியிருந்ததும் ஹைட்ரஜனே. அடுப்பும் சாமி விளக்கும் சுவிட்சும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அந்த வாயுவை மிதக்க விடுவது புத்திசாலித்தனம் ஆகுமா?

சிலிண்டர் என்பதே அழுத்தத்தை அடைத்து வைத்த பாத்திரம். 2022 அக்டோபரில் திருச்சியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஓர் உயிர் போனது. வாயு எதுவானாலும் நிரப்பும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. குரல் கீச்சென்று மாறுவதைக் கேட்க ஹீலியத்தை உறிஞ்சும் விளையாட்டும் கூடாது. அது பிராணவாயுவைத் தள்ளிவிட்டு நெஞ்சில் நிறைந்து மயக்கம் போட வைக்கும். உயிருக்கே உலை வைக்கும்.

எங்கே பறக்க விடலாம்?

பத்துக்குப் பத்து அறை இதற்கு ஏற்ற இடமல்ல. மின்விசிறி ஓடினால் பொம்மை ஒரு சுற்றில் கிழியும். நிறுத்தினால் வீட்டில் உள்ளவர்களுக்குப் புழுக்கம். வெளியிலும் விடக் கூடாது. லேசான காற்றே அதை அடித்துக்கொண்டு போய்விடும். பளபளக்கும் அந்தத் தாளில் மின்சாரம் பாயும். ரயில் பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். கண்டோன்மென்ட், கிருஷ்ணராஜபுரம் பக்கம் பாதை ஓரத்தில் குடியிருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு ஒன்றாக அல்ல. தமிழ் மன்றமோ, நற்பணிச் சங்கமோ, பள்ளிக்கூடமோ ஒன்று வாங்கட்டும். பத்துக் குடும்பம் பங்கு போட்டால் ஹீலியம் செலவு பாரமாகத் தெரியாது. சிலிண்டரைக் கையாளும் பொறுப்பையும் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். விசிறிகளை நிறுத்திய ஒரு பெரிய கூடம் போதும்.

அங்கே அது வெறும் பொம்மையாக இராது, பாடமாகிவிடும். கூட்டில் சிறிது களிமண்ணை ஒட்டி, மோட்டாரை நிறுத்தினால் மெதுவாக இறங்கும்படி எடையைச் சரி செய்யலாம். எத்தனை கிராம் கூட்டினால் எவ்வளவு இறங்குகிறது என்று பிள்ளைகளே கணக்குப் போடலாம். இதற்குப் பிரேக் கிடையாது. ஸ்டேஷன் வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்கும் ரயில் டிரைவரைப் போல, சுவர் வருவதற்கு முன்பே மோட்டாரைத் திருப்பி ஓட்டப் பழக வேண்டும். முன்யோசனையைக் கற்றுத் தர இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது அரிது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆள் இல்லாமல் வீட்டைப் பூட்டிப் போகாதீர்கள்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூல் செய்கின்றன. அதில் ஒரு சிறு பகுதியை இப்படிப்பட்ட காரியத்துக்கு ஒதுக்கினால் என்ன? ஒரு வீட்டில் இரண்டு வாரத்தில் சுருங்கிக் கட்டிலுக்கு அடியில் போகும் பொம்மை, நூறு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும். நிர்வாகிகள் யோசிக்கட்டும், பெற்றோர்களும் அவர்களைக் கேட்கட்டும்.